அரை நொடியிலிருந்து கால் நொடிக்கு

நான் பிறருடைய முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவன். வேவு பார்த்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்து தடுமாறுவதை வாயைத் திறக்காமல் பார்த்துக் குறிப்பெடுப்பதுதான் அந்த வேலை. போன மாதம் எங்கள் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். இனிமேல் இந்தப் பரிசோதனையை எல்லாம் ஒரு நிரலே செய்துவிடும் என்று முடிவாகியிருக்கிறது. ஆனாலும் புதிதாக வந்தவர்கள், நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கொஞ்சம் எழுதித் தாருங்கள் என்றார்கள். முறையை எழுதுவது சுலபம். நான் முறை தவறிய ஒரு தடவையைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சம்பளம் வாங்கிய உத்தியோகம் வேறு. நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். சேலம் அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தேன். கெட்டுப்போன விசைப்பலகையை மாற்றுவது, தேர்வு நாளில் இணையம் அறுந்தால் திட்டு வாங்குவது, இரண்டிலும் ஓய்வு பெறுவதற்குள் தேறிவிட்டேன். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

என் மனதுக்குள் நான் வேலை என்று சொல்லிக்கொண்டது மாலையில் வீடு திரும்பிய பிறகு தொடங்கும். லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். அதை அப்படியே சாதாரண ஆள் கையில் கொடுக்க முடியாது என்பதால், வேண்டியதையெல்லாம் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தரும் குழுக்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. எங்கள் குழுவுக்கு முதலாளியும் கிடையாது, அலுவலகமும் கிடையாது. வெவ்வேறு நாட்டில் இருக்கும் ஆர்வலர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசியே நடத்துகிறார்கள். அதில் நான் இருந்தது மேசைத்திரைப் பிரிவு. கணினியைப் போட்டதும் கண்ணுக்குத் தெரிகிற படம், எழுத்து, பட்டன், பெட்டி எல்லாம் எங்கள் பாடு.

உள்ளே போனது ஒரு கோபத்தில்தான். திரையின் மேல்பட்டையில் தமிழ் எழுத்துகளின் சுழியெல்லாம் வெட்டுப்பட்டு, ‘கி’யும் ‘தி’யும் மொட்டைத் தலையோடு நின்றன. ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கண்டனம் எழுதி அனுப்பினேன். பிரிவின் தலைவர் மார்த்தா என்பவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: ‘யார் பார்த்தது?’ நான்தான் பார்த்தேன் என்று எழுதினேன். ‘நீங்கள் கணினிக்காரர். வேறு யார் பார்த்தது?’ என்று அடுத்த வரி வந்தது. அந்த எரிச்சலில், ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவை உட்கார வைத்துத் திரையைப் படிக்கச் சொல்லி, அவர் எங்கெங்கே தடுமாறினார் என்று எழுதி அனுப்பினேன். நான்கே நாளில் பட்டையை உயரமாக்கிவிட்டார்கள். அதோடு நானும் அவர்களிடம் மாட்டிக்கொண்டேன்.

மார்த்தாவின் கடிதத்தில் வணக்கமும் இருக்காது, நன்றியும் இருக்காது. மாற்றம் பெரியதோ சின்னதோ, அந்த ஒரே கேள்விதான். யாரை உட்கார வைத்துப் பார்த்தாய் என்று அதற்கு அர்த்தம். பார்க்க வேண்டிய விதத்தையும் அவர்தான் எழுதிக் கற்றுக்கொடுத்தார். ஆள் நாற்காலியில் உட்கார வேண்டும். நான் அவருடைய இடது தோளுக்குப் பின்னால், கை நீட்டினாலும் சுட்டியைத் தொட முடியாத தூரத்தில் உட்கார வேண்டும். எட்டுகிற தூரத்தில் இருந்தால் நம்மையறியாமல் உதவிவிடுவோம். வேலையைச் சொல்லும்போது திரையில் இருக்கிற எந்தச் சொல்லையும் நான் சொல்லக் கூடாது. திரையில் ‘படங்கள்’ என்று இருந்தால், ‘படத்தைத் திறங்க’ என்று சொல்லக் கூடாது, ‘உங்க பொண்ணு கல்யாணத்தைக் காட்டுங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘இது சரிங்களா?’ என்று அவர் கேட்டால், ‘நான் இங்கே இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். நோட்டில் மூன்று கட்டங்கள்: கண் எங்கே போனது, கை எங்கே போனது, வாய் என்ன சொன்னது. என் அபிப்பிராயத்துக்குக் கட்டம் கிடையாது.

இப்படி ஐந்து பேரை வைத்திருந்தேன். அம்மாபேட்டையில் கோமதி என்று ஒருவர். கைத்தறிச் சேலைக்குக் கரை டிசைனைக் கணினியில் வரைந்து கொடுப்பவர். வரைந்து முடித்ததும், ‘வேலை முடிஞ்சுது, கிளம்புங்க’ என்றேன். அவர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார்.

‘ஒரு வருசமா இப்படித்தாங்க சார் பண்றேன். எதுல அணைக்கறதுன்னு தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கல. கேட்டா சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்’ என்றார்.

அணைக்கும் பட்டனை நாங்கள் ஒரு பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு பெட்டிக்குள் வைத்திருந்தோம். திரை சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் மெச்சிய ஏற்பாடு அது. கோமதி சொன்னதை எழுதி அனுப்பியதும் பட்டன் வெளியே வந்தது. அடுத்த தடவை போனபோது அவர் அதை அமுக்கிவிட்டுச் சாதாரணமாக எழுந்து போனார். ஏதோ மாறியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வேலை ஒழுங்காக நடந்தால் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொன்னேன். ‘சரி, சாப்பிட வாங்க’ என்றாள். அந்தச் ‘சரி’ எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஐவரில் இன்னொருவர் நல்லமுத்து அண்ணன். திருச்செங்கோட்டுக்கு வெளியே தோட்டத்து வீடு. முப்பது வருடத்துக்கு மேல் ரிக் வண்டியில் போர்வெல் போட ஊர் ஊராகப் போனவர். அந்த அதிர்விலேயே நின்றதாலோ என்னவோ, வலது கையில் நடுக்கம். அவர் மகள் எங்கள் கல்லூரியில் படித்தவள். கல்யாணமாகிப் போகும்போது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன பழைய கணினியில் நான்தான் எங்கள் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் அதில் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். எந்த ஊரில், யார் காட்டில், எத்தனை அடியில் பாறை வந்தது, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று வேலைக்குப் போன காலமெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருந்தார். அவற்றை ஊருக்கு ஒரு கோப்புறையாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். போர் போடப் போகிற விவசாயிகள் அவரைத் தேடி வருவார்கள். ஊர் பெயரைச் சொன்னதும் கோப்புறையைத் திறந்து, ‘உங்க பக்கம் முந்நூறுக்கு மேல கருங்கல்லுங்க, யோசிச்சுப் போடுங்க’ என்பார். ரிக்கை விட்டு இறங்கிய பிறகு அவரை ஆளாக வைத்திருந்தது அதுதான்.

அவர் டபுள் கிளிக் செய்வதை என் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘ஒரு தட்டு. இடைவெளி. இன்னொரு தட்டு. திறக்கிறது. சிரிக்கிறார்.’

என் மனைவி இறந்தது அதற்குப் பிறகு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பின் வீட்டில் பேச்சுச் சத்தம் என்று ஒன்று இல்லாமல் போனது. ஓய்வும் பெற்றுவிட்டிருந்தேன். பால்காரர் மணியடித்தால் ஒரு சத்தம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஐந்து பேர் வீட்டுக்கும் போகவில்லை. போனால் துக்கம் கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். கணினி துக்கம் கேட்காது என்பதால் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. அத்தனை வருடம் கடிதம் எழுதியும் மார்த்தாவுக்குக் குடும்பம் உண்டா என்பது எனக்குத் தெரியாது, எனக்கு உண்டா என்பது அவருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில் எங்கள் மேசைத்திரை மந்தமாக இருக்கிறது என்று இணையத்தில் ஒரே புகார். எங்கெங்கே நேரத்தைக் குறைக்கலாம் என்று பார்த்தேன். டபுள் கிளிக்கில் முதல் தட்டுக்குப் பிறகு, இரண்டாவது தட்டுக்காகக் கணினி அரை நொடிவரை காத்திருந்தது. அதைக் கால் நொடியாக்கினேன். நானே தட்டிப் பார்த்தேன், சுறுசுறுப்பாக இருந்தது. குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றத்தை எழுதிப் போட்டுவிட்டு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். யாரும் மறுக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம். ஐந்தாம் நாள் மார்த்தா எழுதினார்: ‘யார் பார்த்தது?’

‘ஐந்து பேர்’ என்று எழுதினேன்.

ஒருவர்கூடப் பார்க்கவில்லை. வெளியே போகவே பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சின்ன எண்தானே, இதற்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஏழாம் நாள் மாற்றம் ஏற்கப்பட்டது. இணையம் வழியாக எல்லோருடைய கணினிக்கும் தானாகப் போய்ச் சேர்ந்தது.

பாராட்டு வந்தது. அதுதான் கொடுமை. அத்தனை வருடத்தில் யாரும் கவனிக்காத என் பெயரைக் குறிப்பிட்டு, வேகம் கூடியிருக்கிறது என்று நான்கைந்து பேர் எழுதினார்கள். அந்த வாரம் முழுக்க அந்தக் கடிதங்களையே திரும்பத் திரும்பப் படித்தேன். குறை சொல்லி ஒரு கடிதம்கூட வரவில்லை. விரல் மெதுவாகப் போகிறவர்கள் எங்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அப்போது அது நினைவுக்கு வரவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு வழியாக வீட்டை விட்டுக் கிளம்பித் திருச்செங்கோடு போனேன். அண்ணனின் மனைவி சம்பூரணம் அக்கா வாசலுக்கு வந்தார்.

‘வாங்க சாமி. உங்க ஊட்டுக்காரம்மா போனதே எங்களுக்கு இப்பத்தானுங்க தெரியும். ஒரு வார்த்த சொல்லியுடக் கூடாதுங்களா?’ என்றார்.

உள்ளே மூலையில் கணினி ஒரு பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு இருந்தது. அதன் மேல் மருந்துச் சீட்டும் ஒரு முறமும். வாசலில் எப்போதும் நிற்கும் மொபெட்டைக் காணோம். நல்லமுத்து அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

‘கை போயிருச்சுங்க தம்பி’ என்றார். ‘முன்ன ரெண்டு தட்டு தட்டுனா தொறக்குமுங்க. இப்ப எத்தன தட்டுனாலும் நீலமா நிக்குது, தொறக்க மாட்டேங்குது.’

‘டாக்டர்கிட்டக் காட்டுனீங்களாண்ணா?’

‘காட்டுனமுங்க. நடுக்கம் முன்ன இருந்த மாதிரியேதான் இருக்குது, கூடலைன்னாரு. அவுரு அஞ்சு நிமிசம் பாக்கறாரு, அவுருக்கு என்ன தெரியும்? கம்ப்யூட்டரு பொய் சொல்லுமுங்களா?’

‘வண்டி?’

‘ரெண்டு தட்டு தட்ட முடியாத கை பிரேக்க எப்புடிங்க புடிக்கும்? ஆரு மேலயாச்சும் போயி உட்டுட்டா? தங்கச்சி மவனுக்குக் குடுத்துட்டேன்.’

போர் போட யோசனை கேட்டு வந்தவர்களைக்கூட, இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஒரே ஒரு தடவை எனக்காக உட்காரச் சொன்னேன். அக்கா முறத்தையும் சீட்டுகளையும் எடுத்துவிட்டு வேட்டியை உருவினார். நான் வழக்கம்போல இடது தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவர் தட்டினார். ஒரு தட்டு, இடைவெளி, இன்னொரு தட்டு. கோப்புறை நீலமானது, திறக்கவில்லை. என் நோட்டைப் புரட்டாமலேயே தெரிந்தது, அது அதே இடைவெளி. அவர் கை துளியும் மாறவில்லை.

அந்தச் சமயம் யாரோ வாசலில் கூப்பிட, அண்ணன் எழுந்து போனார். நான் கணினியின் அமைப்புகளை மாற்றும் பெட்டியைத் திறந்து அந்த நேரத்தை மறுபடி அரை நொடி ஆக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் திரும்பி வந்ததும், ‘இன்னொரு தடவை பாருங்கண்ணா’ என்றேன். பரமத்தி வேலூர் என்று பெயர் போட்ட கோப்புறை சட்டென்று திறந்தது.

அவர் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ‘சம்பூரணம், இங்க வா. கை வந்துருச்சு பாரு’ என்றார். அக்கா ஓடி வந்து மலைக்கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். நேர்ந்துகொண்டது வீண் போகவில்லை என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. டீயைக் குடித்துவிட்டு, ‘வாரேங்க’ என்று எழுந்து வந்துவிட்டேன். ஒரு பொய்யை மறைக்க ஓர் அதிசயத்தையே செய்து காட்டிவிட்டு வந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சேலம் வரும்வரை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. இதைச் சொல்ல வீட்டிலும் யாரும் இல்லை.

மார்த்தாவுக்கு எழுதினேன். ஐந்து பேர் பார்க்கவில்லை, ஒருவர்கூடப் பார்க்கவில்லை, ஏன் போகவில்லை, நல்லமுத்து அண்ணன் கணினியை மூடி வைத்தது, எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவர் எனக்கு எழுதியதிலேயே நீளமான கடிதம் அதுதான்.

‘மாற்றத்தைச் செய்தவரே அதைத் திரும்பப் பெற வேண்டும். காரணத்தை எழுதுங்கள். யாரும் பார்க்கவில்லை என்பதையும் எழுதுங்கள். உங்கள் மனைவிக்காக வருந்துகிறேன், எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்த மனிதரிடம் போய்ச் சொன்னீர்களா?’

மனைவியைப் பற்றிய வரியைப் படித்ததும் அழுதேன். மனைவி இறந்தபோது வராத அழுகை அது. பிறகு மாற்றத்தைத் திரும்பப் பெற்று, என் பெயரிலேயே காரணத்தையும் எழுதிப் போட்டேன். அந்த வாரமே மறுபடி திருச்செங்கோட்டுக்குப் போனேன்.

‘அண்ணா, அன்னைக்கு உங்க கை சரியாகல. அதுக்கு முன்னால போகவும் இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு நேரத்த நான் கொறச்சுட்டேன். உங்களை மாதிரி ஒருத்தரக்கூட உக்கார வெச்சுப் பாக்காம, பாத்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன். இப்ப எல்லாருக்கும் பழையபடி திருத்திப் போட்டுட்டேன்’ என்றேன்.

‘அப்ப டாக்டரு சொன்னது நெசந்தானுங்க’ என்றார் அண்ணன்.

‘ஆமாங்க.’

சம்பூரணம் அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘எட்டு மாசமா சட்டப் பித்தானக்கூட என்னையத்தானுங்க போடச் சொன்னாரு’ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

‘வண்டிய ஏற்பாடு பண்ணி வாங்கித் தரட்டுங்களாண்ணா?’ என்று கேட்டேன்.

‘வேண்டாமுங்க தம்பி. பயந்தது பயந்ததுதான், இனி ஏறுனா வேத்துப்போகும்’ என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். ‘அது கெடக்கட்டும். என்னைய மாதிரி வேற ஆருக்காச்சும் இப்புடி ஆயிருக்குமுங்களா?’

‘ஆயிருக்குமுங்க.’

‘எத்தன பேருங்க?’

‘தெரியாதுங்கண்ணா. அவங்க எங்களுக்கு எழுத மாட்டாங்க.’

‘நீங்கதான் திருத்திப் போட்டீங்கல்ல, அவியளுக்கும் தானா வந்துருமில்லீங்க?’

‘கம்ப்யூட்டரைப் போட்டாத்தாங்க வரும்.’

அவர் தன் கையைப் பார்த்தார். ‘கை போச்சுன்னு மூடி வெச்சவிய எங்கீங்க போடப்போறாங்க’ என்றார்.

திருத்தம் போய்ச் சேராத கணினிகள் எந்த ஊரில், எந்த வீட்டு மூலையில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழியும் கிடையாது. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, கை முன்னைப்போல இல்லை என்று சொல்லிக் கணினியை மூடி வைத்துவிட்ட பெரியவர் யாராவது இருந்தால், அவரை ஒரு தடவை அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை, சேலத்தில் ஒருத்தன் செய்த தப்பு அது என்று சொல்லுங்கள்.